காவல் நிலையத்துக்கு நிதி: எவ்வளவு என்பதா, எதற்கு என்பதா? வடாற்காட்டிலிருந்து ஒரு விவாதம்

பாலாற்றங்கரை, வேலூர் எழுதியது:

காவல்துறைக்கான நிதியைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று அமெரிக்காவில் 2020 முதல் நடந்துவரும் வாதம் இப்போது நம் பிள்ளைகளின் பேச்சிலும் அப்படியே வந்துவிடுகிறது. மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு காவலரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்த பிறகு எழுந்த கோபத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அந்த ஆண்டில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் காவல்துறையை நம்புவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 48 விழுக்காட்டினர் மட்டுமே; அந்த எண் பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. ஆயினும் 2021 நவம்பரில், காவல்துறையை நீக்கிவிட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறை ஒன்றை அமைக்கும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதே மினியாபொலிஸ் மக்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர். நம்பிக்கை இழந்தவர்களும் காவலர் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை என்பதையே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நம் நிலை வேறு. தமிழ்நாட்டின் 2022-23 நிதிநிலை அறிக்கையில் காவல்துறைக்கு 10,285 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தொகை பெரியது, ஆனால் எந்த மாநிலத்திலும் காவல்துறை நிதியின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போகிறது. எஞ்சியதில் கட்டடம், வாகனம், கருவிகள் போக, ஒரு நிலையத்தின் அன்றாடச் செலவுக்கு வந்து சேர்வது மிகக் குறைவு. அந்தக் குறையை யார் நிரப்புகிறார்கள் என்பது நிலையப் படி ஏறிய எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத்தாள் கட்டு வாங்கி வரச் சொல்வது, மனுவை நான்கு நகல் எடுத்து வரச் சொல்வது, சம்பவ இடத்தைப் பார்க்க வரும் காவலருக்கு ஆட்டோ பிடித்துத் தரச் சொல்வது, காணாமல் போன மகளைத் தேடி வெளியூர் போகும் குழுவுக்குப் பெற்றோரையே கார் வாடகை கொடுக்கச் சொல்வது என்று இது நீள்கிறது. புகார் கொடுத்தவர் வாடகை கொடுக்கும் காரில் போய் நடக்கும் விசாரணை யாருடையது? எதிர்த்தரப்பு அதைவிடப் பெரிய காரை அனுப்பினால் என்ன ஆகும்?

ஆகவே, கூட்டுவதா குறைப்பதா என்று கேட்பதற்கு முன், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நிலையத்தின் அன்றாடச் செலவுக்குப் போதிய பணத்தை நிலையக் கணக்கிலேயே சேர்த்து, அந்தக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வைத்தால், மற்ற எந்தத் திட்டத்தையும்விட அது நம்பிக்கையை வளர்க்கும். இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளர், ராணிப்பேட்டை எழுதியது:

ஐயா சொல்வதை உள்ளே இருந்தவன் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன். அடையாளம் தெரியாத உடல் ஒன்று ரயில் பாதையோரம் கிடந்தால், அதைத் துணியில் சுற்றிப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி, மூன்று நாள் காத்திருந்து அடக்கம் செய்யும் வரையிலான செலவில் பாதியை நிலையத்தில் இருப்பவர்கள் கைக்காசு போட்டே முடிப்போம். கைதியின் சாப்பாடு, நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் பேருந்துக் கட்டணம், அச்சு இயந்திரத்தின் மை எல்லாம் அப்படித்தான். பிறகு பட்டியல் போட்டு அனுப்பினால், சில திரும்பி வரும், சில வராது. கைக்காசு போடும் நேர்மையானவர் ஓரிரு ஆண்டில் சோர்ந்துபோகிறார். கைக்காசு போட மனமில்லாதவர் மணல் வண்டிக்காரரிடமோ கடைக்காரரிடமோ கை நீட்டுகிறார். நிலையச் செலவுக்கென்று தொடங்கிய கை பிறகு வீட்டுச் செலவுக்கும் நீள்கிறது. இதை நியாயப்படுத்த நான் எழுதவில்லை. இது எப்படித் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆள் பற்றாக்குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இந்தியக் காவலர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்வதாகக் கூறுகிறது. நம் வட்டாரத்தில் அதற்கு மேல் திருவண்ணாமலை இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு வேலூர் சரகம் முழுவதிலிருந்தும் பந்தோபஸ்துக்கு ஆள் போக வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் அப்படியே. அந்த நாட்களில் நிலையத்தில் பாராவுக்கு ஒருவரும் எழுத்தரும் மட்டும் இருப்பார்கள். அன்று புகாரோடு வருபவரிடம் இரண்டு நாள் கழித்து வரச் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. 2021-இல் வார விடுமுறைக்கு அரசாணை வந்தது, மகிழ்ந்தோம். ஆனால் ஆள் இருந்தால்தானே விடுமுறை தர முடியும்?

மேலும், பட்டியலில் இருக்கும் ஆள் எல்லாம் நிலையத்தில் இருப்பதில்லை. அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரை அமர்த்தும் ஆர்டர்லி முறையை 1979-இலேயே அரசாணை ஒழித்துவிட்டது. அது இன்னும் நடக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் கண்டிக்க வேண்டிய நிலை இருந்தது. புதிதாக ஆள் எடுக்கும் செலவைப் பற்றிப் பேசும் முன் அந்த ஆட்களை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

வழக்கறிஞர், குடியாத்தம் எழுதியது:

ஐயாவின் அனுபவத்துக்கு என் மரியாதை உண்டு. ஆனால் பணமின்மையே காரணம் என்ற முடிவுக்கு இந்த விவாதம் விரைந்து போவது எனக்குக் கவலை அளிக்கிறது. தாள் இல்லாததால் யாரும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய மறுப்பதில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது இருக்கும். வண்டி திருடு போனாலும், வேலிச் சண்டையில் மண்டை உடைந்தாலும், சீட்டுப் பணம் ஏமாற்றப்பட்டாலும் அதே ரசீதுதான். தங்கள் வழக்கு பதிவாகிவிட்டது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். அது மனு வந்ததற்கான ஒப்புகை மட்டுமே என்று நான் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதையும், மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாட்களுக்குள் கையொப்பமிடலாம் என்பதையும் சட்டமாக்கியிருக்கிறது. அதே பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. அந்த இடைவெளிக்குள்தான் ஏழைகளின் புகார்கள் போய் அடங்குகின்றன. வழக்குகளின் எண்ணிக்கை கூடினால் ஆய்வாளர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், குறைந்தால் பாராட்டு. இந்த அளவுகோல் இருக்கும் வரை நிலையத்துக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் ரசீதுதான் கிடைக்கும்.

பணம் செலவழித்தும் பயனின்றிப் போனதற்கு 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததைவிட வேறு சான்று வேண்டாம். தந்தையும் மகனும் தாக்கப்பட்ட அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. பதிவு வட்டில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா வாங்கிய பட்டியல் கணக்கில் இருக்கும். அது எத்தனை நாள் ஓடியது என்பது எந்தக் கணக்கில் இருக்கிறது?

பாலாற்றங்கரை, வேலூர் எழுதியது:

அம்மா சொல்வதை ஏற்கிறேன். என் முதல் பதிவில் இந்தப் பக்கத்துக்கு நான் இடம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையம் நகைக்கடையின் சுவரில் துளையிட்டு ஏறத்தாழ 15 கிலோ தங்கம் திருடப்பட்டது. சில நாட்களுக்குள் ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைக்கப்பட்டிருந்த நகைகளைக் காவல்துறை மீட்டது. தனிப்படைகள் அமைக்கப்பட்டன, கேமராப் பதிவுகள் பொறுமையாகப் பார்க்கப்பட்டன, வாகனமும் எரிபொருளும் தடையின்றிக் கிடைத்தன. திறமை இல்லாத துறை அல்ல இது. ஒரு நெசவாளியின் மிதிவண்டிக்கு அந்தத் திறமையில் ஒரு சிறு பங்காவது கிடைப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

தோல் தொழில் சார்ந்தவர், ஆம்பூர் எழுதியது:

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசும்போதெல்லாம் 2015 ஜூன் 27-ஆம் நாளின் கலவரத்தை மட்டும் சொல்வார்கள். ஒரு பெண் காணாமல் போன வழக்கில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட 26 வயது இளைஞர் ஒருவர், பின்னர் சென்னை மருத்துவமனையில் இறந்தார். நிலையத்தில் அடித்ததே காரணம் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். மறுநாள் தேசிய நெடுஞ்சாலையில் வாகனங்கள் எரிந்தன. பெண் காவலர்கள் உட்படப் பலர் காயமடைந்தனர். கலவர வழக்கில் திருப்பத்தூர் நீதிமன்றம் 2025-இல்தான் தீர்ப்பளித்தது. பத்தாண்டுக் காலம் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாய்தாவுக்கு வாய்தா நடந்தன. அன்று அடிபட்ட காவலர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான்; விசாரணைக்குப் போய் உயிரோடு திரும்பாதவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். இரண்டு துயரத்தையும் ஒரே மூச்சில் சொல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பல ஆண்டுகள் முயன்றார்கள்.

இதில் நிதிக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். கைது செய்ததைக் குறிப்பாணையில் எழுதி உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இலேயே விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றைக் கடைப்பிடிக்க ஒரு தாளும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். விசாரணை என்று அழைத்துச் சென்று கைது என்று எழுதாமல் வைத்திருக்கும் பழக்கத்தை எந்த நிதியும் மாற்றாது.

ஆனால் வேறொரு வகையில் நிதி தேவைப்படுகிறது. 2021 செப்டம்பரில் வாணியம்பாடியில் முன்னாள் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கஞ்சா விற்பனை பற்றிக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்ததே அதற்குக் காரணம் என்று ஊரெங்கும் பேசப்பட்டது. அதன்பின் எங்கள் தெருக்களில் தகவல் சொல்ல யார் முன்வருவார்கள்? சாட்சிப் பாதுகாப்புக்கும், தகவல் கொடுப்பவரின் பெயர் வெளியே போகாமல் இருக்கும் ஏற்பாட்டுக்கும் செலவழித்தால், அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

மலையடிவாரத்தான், அணைக்கட்டு எழுதியது:

நீங்கள் எல்லோரும் நிலையத்துக்குப் போய்த் திரும்புவதைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் மலைக்கிராமங்களுக்குக் காவலர்கள்தான் வருவார்கள், அதுவும் சாராய வேட்டைக்கு. 2021 ஜூனில் அப்படி ஒரு மலைக்கிராமத்துக்கு வந்தவர்கள் பூட்டிய வீடுகளுக்குள் புகுந்து பணத்தையும் நகையையும் எடுத்ததாகச் சொல்லி, ஊர் மக்களே அவர்களைச் சூழ்ந்து நிறுத்தினார்கள். ஓர் உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் கைது செய்யப்பட்டார்கள். மேலதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுத்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பூட்டு உடைந்த வீட்டுக்காரர் நாளை வேறொரு திருட்டுக்காக மலை இறங்கிப் புகார் கொடுக்க வருவாரா என்பதை யோசித்துப் பாருங்கள்.

நிதியைக் குறைப்பது என்ற அமெரிக்கப் பேச்சில் எனக்குப் புரிந்த ஒரு பகுதி உண்டு. காவலர் செய்ய வேண்டாத வேலையை மருத்துவருக்கும் சமூகப் பணியாளருக்கும் கொடுத்து, அந்தப் பணத்தையும் அங்கே அனுப்புங்கள் என்பதே அது. 2023 மே மாதத்தில் அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு கடித்து ஒரு பெண் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் ஊர் வரை வர முடியவில்லை. உடலைத் தாய் தன் கையிலேயே சுமந்து நடந்தார். எங்கள் மலையில் அரசு என்றால் வேட்டைக்கு வரும் சீருடை மட்டுமே என்று இருக்கும் வரை நம்பிக்கை எங்கிருந்து வரும்? முதலில் சாலையும் செவிலியரும் வரட்டும். சாராயம் காய்ச்சுவதை விட்டவர்களுக்கு வேறு பிழைப்பு வரட்டும். வேட்டைக்கு ஆகும் செலவும் தன்னால் குறையும்.

ஆற்காட்டுக்காரன், நியூஜெர்சி எழுதியது:

சொந்த ஊர் ஆற்காடு, வசிப்பது நியூஜெர்சி என்பதால் ஒரு சிறு திருத்தம் மட்டும். காவல்துறையைக் கலைத்த நகரம் என்று எங்கள் மாநிலத்தின் கேம்டனைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2013-இல் நகரக் காவல்துறை கலைக்கப்பட்டு மாவட்டக் காவல்துறை பொறுப்பேற்றது உண்மை. ஆனால் அங்கே காவலர் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. சம்பள ஒப்பந்தங்கள் மாறின, காவலர்கள் தெருவில் நடந்து மக்களை அறிந்துகொள்ளும் பயிற்சி கொடுக்கப்பட்டது, பலப்பிரயோக விதிகள் பின்னர் கடுமையாக்கப்பட்டன. நிதியைக் குறைத்ததற்கான சான்றாக அதைக் காட்டுவது பிழை.

வரலாற்று ஆசிரியர், வாலாஜாபேட்டை எழுதியது:

அமெரிக்காவுக்குப் போகும் முன் சென்னை மாகாணத்தின் கதையைப் பார்க்கலாம். 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி வரி வசூலிக்கும் தாசில்தாரே காவல் பொறுப்பையும் வகித்தார், அவருக்கு மேல் கலெக்டர். வரி கொடுக்க முடியாத குடியானவரைக் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றுவதும், வெயிலில் நிறுத்துவதும் அந்த ஒரே அதிகாரத்தின் கீழ் நடந்தன. குற்றம் செய்தவரிடமே முறையிட வேண்டியிருந்ததால் குடியானவர்கள் வாய் திறக்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகு அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1859-இல் 24-ஆம் சட்டம் வந்து, வருவாய்த் துறையிலிருந்து காவல்துறையைப் பிரித்துத் தனி அமைப்பாக்கியது. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் அதே சட்டம் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

இனி 2006-க்கு வருவோம். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஏழு கட்டளைகளில் ஒன்று, காவலர் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வு பெற்ற நீதிபதிகளின் தலைமையில் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். எந்த நெருக்கத்தை உடைக்க 1859-இல் சட்டம் செய்தார்களோ, அதே நெருக்கத்துக்குள் புகார்தாரரை மீண்டும் அனுப்பியிருக்கிறோம். மாவட்டத்துக்கு ஓர் ஓய்வு பெற்ற நீதிபதி, ஓர் அலுவலகம், இரண்டு விசாரணை அலுவலர் என்றால் ஆகும் செலவு இத்தனை ஆயிரம் கோடியில் ஒரு தூசி. நிதி விவாதத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

விடுதி நடத்துபவர், வேலூர் எழுதியது:

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளத்தாரும் வடகிழக்கு மாநிலத்தாரும் எங்கள் விடுதிகளில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கைப்பையும் மருத்துவச் செலவுப் பணமும் பறிபோனால் அவர்களுக்குத் தமிழில் மனு எழுதத் தெரியாது. பெரும்பாலும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். மருத்துவமனைச் சாலையில் வங்காளியும் இந்தியும் தெரிந்த ஒருவரைப் புகார் மேசையில் அமர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரும். இதற்கும் ஏதாவது ஒரு தலைப்பில் பணம் ஒதுக்க முடியும் அல்லவா?

பாலாற்றங்கரை, வேலூர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் அம்மாவும் ஆசிரியரும் எழுதிய பிறகு என் கோரிக்கையை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: நிலையச் செலவுக்குப் பணம், அந்தப் பணத்துக்கும் நடத்தைக்கும் பதில் கேட்க வெளியில் ஓர் ஆணையம். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றதைக் கேட்க மாட்டேன். நவீனமயமாக்கலுக்கென்று 2015-16-இல் நாடு முழுவதும் ஒதுக்கிய 9,203 கோடியில் 14 விழுக்காடுதான் செலவழிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, வெறும் ஒதுக்கீட்டைக் கேட்பதில் பொருளில்லை.

வேலூர் மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் மனு ஒன்றை அனுப்பவிருக்கிறேன். எழுதுபொருள், எரிபொருள், கைதி உணவு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்ததும் செலவானதும் எவ்வளவு, கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதுகளில் எத்தனை முதல் தகவல் அறிக்கையாயின, கேமராப் பதிவுகள் எத்தனை நாள் சேமிக்கப்படுகின்றன, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை பேர் உண்மையில் நிலையத்தில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம் என நினைக்கிறேன். விடுபட்டது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளர், ராணிப்பேட்டை எழுதியது:

ஐயா, நிலையம் வாரியாகவும் நிதியாண்டு வாரியாகவும் என்று தெளிவாக எழுதுங்கள்; இல்லையென்றால் மாவட்ட மொத்தத்தை ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். ஆட்கணக்கைக் கேட்கும்போது, மாற்றுப்பணியில் இருப்போர் எங்கே, எந்த உத்தரவின்படி என்பதையும் கேளுங்கள். கேமரா விவரம் வேறு அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னால், 6(3) பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. ராணிப்பேட்டைக்கு அதே மனுவை நான் போடுகிறேன்.

வழக்கறிஞர், குடியாத்தம் எழுதியது:

ரசீது பற்றிய கேள்வியில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு நடந்த பதினான்கு நாள் விசாரணைகள் எத்தனை, அவற்றில் எத்தனை முடித்துவைக்கப்பட்டன என்பதையும் சேருங்கள். வரைவை இங்கே பதிவிட்டால் சட்டச் சொற்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

மலையடிவாரத்தான், அணைக்கட்டு எழுதியது:

மலைக்கிராமங்களிலிருந்து வந்த புகார்கள் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள், ஐயா. புதன்கிழமைக் குறைதீர்ப்பு முகாமுக்கு நான் மாவட்டத் தலைநகருக்கு வரும்போது, உங்கள் மனுவின் நகலோடு எங்கள் ஊராரின் கையொப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.